இரண்டுக்கு இரண்டு சீலிங்: சதுர அடி விலையும் துண்டுக் கணக்கும்

"சதுர அடிக்கு இவ்வளவு, சாமானும் கூலியும் சேர்த்து." யாழ்ப்பாணத்தில் இரண்டுக்கு இரண்டு சீலிங், அதாவது இரண்டடிச் சதுரச் சீற்றுகளைத் தொங்கும் இரும்புச் சட்டகத்தில் வைக்கும் சீலிங், போட விலை கேட்டால் தொலைபேசியிலேயே கிடைக்கும் பதில் இது. அறையைப் பார்க்காமல் சொல்லும் விலை. அது பொய் விலை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்குள் எது அடங்குகிறது, எது வெளியே நிற்கிறது என்பது வேலை பாதியில் நிற்கும்போதுதான் தெரியவரும். இங்கே ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும் மூன்று வகைச் சீலிங்கையும், அவற்றுக்குத் தரப்படும் கொட்டேசன்களையும் பார்ப்போம். ரூபாக் கணக்கு இதில் குறைவு. விலை மாறிக்கொண்டே இருக்கும். துண்டுகளின் எண்ணிக்கை மாறாது. எண்ணிக்கை கையில் இருந்தால் அன்றைய விலையால் பெருக்குவது பத்து நிமிட வேலை.

ஒரு ஹோலை எடுத்துக்கொள்வோம். அகலம் 13 அடி 4 அங்குலம், நீளம் 17 அடி 2 அங்குலம். பரப்பளவு 229 சதுர அடி. ஒரு சீற் 4 சதுர அடி என்றால் 58 சீற் போதும் என்று கல்குலேற்றர் சொல்லும். உண்மையில் வேண்டியது 63.

ஐந்து சீற் எங்கே போனது என்பதைச் சதுர றூள் கொப்பியில் கீறிப் பார்த்தால் விளங்கும். அகலம் 160 அங்குலம். 24ஆல் பிரித்தால் ஆறு முழுச் சீற், மிச்சம் 16 அங்குலம். அந்த 16ஐ இரண்டு சுவருக்கும் பகிர்ந்தால் பக்கத்துக்கு 8 அங்குலக் கீலம் வரும். பார்க்க அசிங்கம், வெட்டும்போதும் உடையும். ஆகவே ஒரு முழுச் சீற்றைக் குறைத்து, 16உடன் 24ஐக் கூட்டி, இரண்டாகப் பிரிக்க வேண்டும். பக்கத்துக்கு 20 அங்குலம், நடுவில் ஐந்து முழுச் சீற். நீளம் 206 அங்குலம். அதே முறையில் நடுவில் ஏழு முழுச் சீற், இரு அந்தத்திலும் 19 அங்குலம். அகலத்தில் 7 பெட்டி, நீளத்தில் 9 பெட்டி, ஆக 63. அவற்றில் 35 மட்டுமே முழுச் சீற். மற்ற 28உம் வெட்டுச் சீற். 20 அங்குலம் வெட்டினால் மிஞ்சும் 4 அங்குலத்தை வேறெங்கும் வைக்க ஏலாது. வெட்டும்போதும் ஏற்றி இறக்கும்போதும் மூலை நொறுங்குவதற்கு மூன்று கூட்டி 66 எடுப்பது சரி. பரப்பளவோடு பத்து வீதம் கூட்டும் வழக்கமான கணக்கு இந்த ஹோலுக்கு 63இல் வந்து நிற்கும். ஒரு சீற் உடைந்தாலும் திரும்பக் கடைக்கு ஓட வேண்டும். சின்ன அறைகளுக்கு அந்தப் பத்து வீதமும் போதாது. ஐந்தடிக்கு ஆறடி குளியலறை 30 சதுர அடி; கணக்குக்கு எட்டு, வேலைக்கு ஒன்பது, அதில் ஆறு வெட்டு. சின்ன அறைக்குச் சதுர அடிக் கூலி கூடக் கேட்கிறார்கள் என்றால் அது ஏமாற்று இல்லை, வெட்டு வேலைக்கான கூலி.

அளக்கும்போது ஒரு விசயம். நிலத்தில் அளக்கக்கூடாது. சீலிங் வரப்போகும் உயரத்தில், எதிரெதிர்ச் சுவர் இரண்டையும் அளந்து பெரிய எண்ணை எடுக்க வேண்டும். பழைய சுண்ணாம்புக்கல் வீடுகளில் பூச்சின் தடிப்பு ஒரே சுவரிலேயே அங்குலக் கணக்கில் மாறும். மூலைவிட்டத்தையும் இழுத்துப் பாருங்கள்: மேலே சொன்ன ஹோல் மூலைமட்டமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 260¾ அங்குலத்துக்கு ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) அளவு கூடவாக வரும். ஒன்றுக்கொன்று இரண்டு அங்குலம் வித்தியாசம் வந்தால் ஓரச் சீற் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து வெட்ட வேண்டியிருக்கும். அதைக் கூலி பேசும்போதே சொல்லிவிடுவது நல்லது.

இனி இரும்பு. சட்டகத்தில் நான்கு சாமான் (ரீ என்பது ஆங்கில T வடிவச் சட்டம், சீற் அதன் உதட்டில் இருக்கும்): 12 அடி மெயின் ரீ, 4 அடி குறொஸ் ரீ, 2 அடி குறொஸ் ரீ, சுவரோரம் ஓடும் 10 அடி வோல் அங்கிள். மெயின் ரீயை நீளவாக்கில், 4 அடிக்கு ஒன்றாக விட்டால் நம் ஹோலுக்கு மூன்று வரிசை. சுவரிலிருந்து 20, 68, 116 அங்குலத்தில் அவை வரும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முழு ரீயும் 5 அடிக்குச் சற்றுக் கூடிய ஒரு துண்டும் வேண்டும். ஒரு ரீயிலிருந்து அப்படி இரண்டு துண்டுதான் எடுக்கலாம், ஆகவே ஐந்து ரீ. மெயின் ரீயில் குறொஸ் ரீ கொழுவும் துளைகள் 6 அங்குலத்துக்கு ஒன்றாக அடித்திருக்கும். முதல் துளை சுவரிலிருந்து சரியாக 19 அங்குலத்தில் வரவேண்டும் என்பதற்காகத் தொடக்க முனையில் ஓரிரு அங்குலம் வெட்டி எறிய நேரும். அதை மறந்து முழு ரீயையும் சுவரோடு சேர்த்து வைத்துவிட்டால் குறொஸ் ரீ எல்லாம் கணக்கு மாறிப் போகும். ஒரு பக்க ஓரச் சீற் பெரிது, மறுபக்கம் சிறிது.

4 அடி குறொஸ் ரீ: குறுக்கே எட்டுக் கோடு, கோட்டுக்கு மூன்று, ஆக 24. 2 அடி குறொஸ் ரீ: 4 அடிப் பெட்டிகளை நடுவே பிரிப்பதற்கு 27, சுவரோர 20 அங்குல இடைவெளிக்கு 8, ஆக 35. பரப்பளவை எட்டால் பிரிக்கும் கடைக் கணக்கு இரண்டிலும் 29 என்று சொல்லும். ஒன்றில் ஐந்து மிஞ்சும், மற்றதில் ஆறு முட்டுப்படும். வோல் அங்கிள் சுற்றளவு 61 அடிக்கு ஏழு போதும். மூலையில் 45 பாகையில் பொருத்துபவர் என்றால் எட்டு எடுங்கள்.

வோல் அங்கிளை ஒன்றரை அடிக்கு ஒரு ஸ்குறூ என்று அடிக்க வேண்டும். சீமெந்துக் கல் சுவருக்குக் கொன்கிறீற் ஆணி தாங்கும். சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் ஆணி அடித்தால் பூச்சுத்தான் பெயர்ந்து வரும். 6 மில்லிமீற்றர் துளையிட்டு றோல் பிளக்கும் ஸ்குறூவும் போட வேண்டும். இந்த ஹோலுக்கு அது 45 பிளக். பணம் சின்னது, நேரம் பெரிது.

கொட்டேசனில் ஒரு வரியாகக்கூட வராத சாமான் தொங்கு கம்பி. சீலிங் விழுந்த இடங்களில் முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான். மெயின் ரீ வரிசைக்கு 4 அடிக்கு ஒன்றாக ஐந்து தொங்கல், மூன்று வரிசைக்குப் பதினைந்து. ரீ இரண்டும் பொருந்தும் மூட்டுக்கு ஓரடிக்குள் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். கம்பி நாகம் பூசிய 12 கேஜ். முறுக்கு மூன்று சுற்றுக்குக் குறையக்கூடாது. இங்கே நடக்கும் பிழை என்னவென்றால், கொங்கிறீற் கம்பி கட்டும் கறுப்புக் கட்டுக்கம்பியை இரண்டு மூன்று இழையாக மடித்துத் தொங்கவிடுவது. அது பதப்படுத்திய இளங்கம்பி. இழுபடும், பூச்சு இல்லாததால் கறள் பிடிக்கும். குருநகர், பாசையூர், காரைநகர், பருத்தித்துறை என்று கடலுப்புப் படும் பக்கங்களில் இதை விட்டுவைக்கவே கூடாது. ரீயின் வெட்டு முனைகளிலும் நாகப் பூச்சு இல்லை. கரையோர வீட்டுக்குச் சின்னத் தகரம் ஒன்றில் நாகப் பெயின்ற் வாங்கி வெட்டிய முனைகளைத் தொட்டுவிடச் சொல்லுங்கள்.

எதில் தொங்கவிடுவது என்பதும் காசைத் தீர்மானிக்கும். பிளாற் (கொங்கிறீற் தட்டு) என்றால் துளையிட்டு ஆங்கர். தகரக் கூரை என்றால் இரும்புக் குறுக்குச் சட்டத்தின் பக்கவாட்டில் ஸ்குறூ. தகட்டில் ஒருபோதும் இல்லை. ஓட்டு வீடு என்றால் கூரைச் சாய்வோடு ஓடும் சிலாகையில், ஓட்டைத் தாங்கும் றீப்பையில் அல்ல. பனஞ்சிலாகையில் நேரே ஆணி அடித்தால் நார் வழியே பிளக்கும், வைரம் பாய்ந்ததில் ஆணி வளைந்தும் போகும். முதலில் சிறு துளை போட்டுத்தான் கொக்கி ஸ்குறூ ஏற்ற வேண்டும். கூரை அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் அதைத் துளைக்கவோ உரஞ்சவோ விடாதீர்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

அடுத்தது, கடையில் நின்று கட்டாயம் அளந்து பார்க்க வேண்டிய ஒன்று. "இரண்டடி" என்று விற்கும் சாமானில் இரண்டு குடும்பம் உண்டு. அங்குலக் கணக்கு ரீ 24 அங்குலம், அதாவது 610 மில்லிமீற்றர். அதற்குரிய சீற் 603. மீற்றர்க் கணக்கு ரீ 600. அதற்குரிய சீற் 595. 603 சீற் 600 சட்டத்துக்குள் இறங்காது, அது உடனே தெரிந்துவிடும். ஆபத்து மறுபக்கம். 595 சீற்றை 610 சட்டத்தில் வைத்தால் வைத்த அன்று இருக்கும். ரீயின் உதடு இரு பக்கமும் 12 மில்லிமீற்றர். சீற் நடுவில் இருந்தால் பக்கத்துக்கு நாலரை மில்லிமீற்றர் தாங்குகிறது. மேலே மரநாய் ஓடியோ காற்றடித்தோ சீற் ஒரு பக்கம் ஒதுங்கினால், மறு பக்கத்து விளிம்புக்கும் உதட்டுக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீற்றர் வெளி வந்துவிடும். அடுத்தது தலையில் விழுவதுதான். சீற் ஒரு கடையில், ரீ இன்னொரு கடையில் மலிவு என்று பிரித்து வாங்குகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. ஒரு சீற்றையும் 4 அடிக் குறொஸ் ரீ ஒன்றையும் ரேப் வைத்து அளந்தால் போதும்: ரீ 1200 என்றால் மீற்றர்க் குடும்பம், 1220 என்றால் அங்குலக் குடும்பம். மேலே போட்ட கணக்கு அங்குலக் குடும்பத்துக்கு உரியது.

வினைல் ஒட்டிய ஜிப்சம் சீற்தான் இங்கே அதிகம் போடப்படுவது. முகம் வெள்ளை, ஈரத் துணியால் துடைக்கலாம், பின்பக்கம் வெள்ளித் தாள். 7 மில்லிமீற்றர் தடிப்பில் ஒன்று இரண்டு கிலோவுக்குக் கிட்ட. பாரம் இருப்பதால் காற்றுக்கு எழும்பாது. ஹோலுக்கும் கடைக்கும் இதுதான் எங்கள் முதல் தெரிவு. அதன் பலவீனம் ஒழுக்கு. உள்ளே ஜிப்சம் தண்ணியைக் குடித்து ஊறும், வெளியே வினைல் அதை மறைத்து வைத்திருக்கும். வயிறு தள்ளித் தெரியும் நாளில் சீற் சோறுமாதிரி ஆகியிருக்கும். ஆகவே ஒழுக்குப் பார்க்காத கூரைக்குக் கீழே இதைப் போடுவது காசை எறிவது. கோஸ் பைப்பால் கூரையில் தண்ணி அடித்துப் பார்க்கலாம், ஆனால் வாடைக்காற்றோடு சாய்ந்தடிக்கும் மழையை எந்தக் கோஸும் காட்டாது. மாரி கழிந்து, நனைந்த அடையாளங்களைப் பார்த்து ஓட்டைத் திருத்தி, தை மாசியில் சீலிங் போடுவதுதான் புத்தி.

மினரல் பைபர் சீற் இலேசானது, சத்தத்தை விழுங்கும். ரியூசன் கொட்டில்களுக்கும் கூட்ட மண்டபங்களுக்கும் ஜிப்சத்தைவிட நூறு மடங்கு நல்லது. ஜிப்சம் போட்ட வகுப்பில் ஆசிரியரின் குரல் கணீர் என்று திரும்பி வந்து பின்வரிசைக்குச் சொல் விளங்காது. தண்ணி பட்டால் மறுநாளே பழுப்பு வளையம் காட்டிக்கொடுக்கும், அதுவும் ஒரு குணம்தான். ஆனால் ஈரப்பதனில் தொய்யும். பெட்டியில் ஈரப்பதன் தாங்குதிறன் 95 அல்லது 99 என்று அச்சிட்டிருப்பதைக் கேளுங்கள். 90 போட்டது நாள் முழுக்க ஏசி ஓடும் அறைக்கு மட்டும். பூட்டிக் கிடந்து மாதத்துக்கொருமுறை திறக்கும் வீட்டுக்கு மினரல் பைபரே வேண்டாம். வெறுங்கையால் பிடித்தால் விரல் அடையாளம் விழும். துணிக் கையுறை இல்லாமல் வருகிற வேலையாளைத் திருப்பி அனுப்பலாம்.

ஐ பனல் என்று இங்கே சொல்லும் பிவிசிப் பலகை உண்மையில் தொங்கு சீலிங் இல்லை, சட்டத்தில் ஸ்குறூ ஏற்றிப் பொருத்துவது. ஆனாலும் ஒரே வாயில் விலை ஒப்பிடப்படுவதால் இங்கே வைக்கிறோம். 10 அங்குல அகலம், 10 அடி நீளம் என்று கொண்டால் அதே ஹோலுக்கு 21 வரிசை; வரிசைக்கு ஒரு முழுப் பலகையும் 40 அங்குலத் துண்டும், ஆக 28 பலகை. கூடவே மூட்டை மறைக்கும் எச் பட்டி 17 அடி, சுற்றிவர ஓரப் பட்டி 61 அடி. சட்டம் இரண்டடிக்கு ஒன்றாக எட்டு வரிசை, 137 அடி. பலகையின் அகலத்தை, அதன் பல்லு அடுத்த பலகைக்கு உள்ளே போகும் பகுதியை விட்டுக் கணக்கிட வேண்டும். குசினிக்கும் குளியலறைக்கும் இதை மிஞ்ச எதுவும் இல்லை: நனைந்தாலும் ஒன்றும் ஆகாது, கறையான் தொடாது. ஆனால் தகரக் கூரைக்கு நேர்கீழே, காற்றோட்டம் இல்லாத இடத்தில், சித்திரை வைகாசி வெக்கைக்குப் பிவிசி இளகித் தொய்யும். அங்கே சட்டத்தை ஒன்றரை அடிக்கு நெருக்க வேண்டும், அப்போது 137 அடி 172 அடியாகும். ஒன்றரை அடிக்கும் இரண்டடிக்கும் ஒரே சதுர அடி விலை சொல்கிறவர் இரண்டடியில்தான் அடிப்பார். இன்னொன்று, மேலே வயர் ஒன்று பார்க்க வேண்டுமென்றால் ஒரு அந்தத்திலிருந்து கழற்றிக்கொண்டு வர வேண்டும். இரண்டுக்கு இரண்டில் ஒரு சீற்றை உயர்த்தினால் போதும்.

லைற்றும் ஃபானும் தனிக் கணக்கு. நான்கு எல்.ஈ.டி. பனல் வருகிறதென்றால் 63இல் நான்கு சீற் குறையும். அவை முழுப் பெட்டியில்தான் இருக்க வேண்டும், ஓரத்தில் அல்ல. ஒவ்வொன்றுக்கும் மூலைவிட்டமாக இரண்டு கம்பி கூரையிலிருந்து தனியே வரவேண்டும். ரீயில் பாரத்தை விட்டால் அந்த இடம் ஒரு நூல் இறங்கும், இறங்கியது பக்கவாட்டு வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். ஆக, தொங்கல் 15 என்றது 23 ஆகிவிட்டது. ஃபானைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: கொக்கி கூரையில் அல்லது பிளாற்றில், தடி சீற்றில் போட்ட துளை வழியே சீற்றைத் தொடாமல் கீழே. சீலிங்குக்கும் இதழுக்கும் இடையே ஓரடி, நிலத்துக்கும் இதழுக்கும் இடையே ஏழரை அடி. இந்த இரண்டையும் கூட்டினால் சீலிங் எட்டரை அடிக்குக் கீழே வர ஏலாது. சீற்றைச் சரித்து உள்ளே விட ரீக்கு மேலே குறைந்தது 5 அங்குல வெளியும் வேண்டும். பீம் தொங்கும் பிளாற் வீட்டில் இந்தக் கணக்கை முதலில் போடாமல் சாமான் வாங்கியவர்கள் நீளத் தடியைக் குட்டைத் தடியாக மாற்றித் திரிகிறார்கள். வயறிங் வேலை சட்டகத்துக்கு முன். பிறகு என்றால் வயர்மன் காலால் மிதித்த கூலியும் சேரும்.

வெக்கை குறையும் என்று சீலிங் போடுகிறவர்கள் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே சூடு அடைபட்டு, பொழுதுபட்ட பிறகு கீழே இறங்கும் என்பதை எதிர்பார்ப்பதில்லை. முகட்டுச் சுவர் இரண்டிலும் காற்றுத் துளை, கூரைத் தகட்டுக்குக் கீழே வெள்ளித் தாள், தாளுக்கும் தகட்டுக்கும் இடையே காற்று வெளி, இவை மூன்றும் வேண்டும். துளைக்கெல்லாம் கம்பி வலை. இறவாணத்தையும் வலையால் அடைக்க வேண்டும், இல்லையென்றால் மரநாய்க்கு நீங்கள் கட்டிக் கொடுத்தது மாடி வீடு. அதன் மூத்திரக் கறை வினைலில்கூடப் போகாது. வலைக்கும் தாளுக்கும் ஆன செலவு எந்தச் சதுர அடி விலையிலும் இல்லை. இறவாணம் திறந்த வீட்டில் சோளகம் அடிக்கும் மாதங்களில் இலேசான சீற் படபடத்து எழும்பும். அதற்குச் சீற்றை அமுக்கும் கிளிப் உண்டு, சீற்றுக்கு இரண்டு, சில்லறைக் காசு. கேட்டால்தான் போடுவார்கள்.

கொட்டேசன் இரண்டை ஒப்பிடும்போது மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள். சீற்றின் தடிப்பு, ரீ எந்தக் குடும்பம், தொங்கல் எத்தனை, லைற் வெட்டும் ஃபான் துளையும் கூலிக்குள் அடக்கமா, ஏறி நிற்கும் சாரம் யாருடையது, பழைய பலகைச் சீலிங் கழற்றுவது யார் பொறுப்பு. இதை எழுதித் தரக் கேட்டால் மலிவாகத் தெரிந்தது பல வேளை மலிவாக இராது. பெறுமதிசேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம்; அதை மேலதிகமாகக் கேட்பவரின் வரிப் பதிவிலக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். பதிவு இல்லாதவருக்கு அதை அறவிட உரிமை இல்லை. 2022இல் ரூபா விழுந்ததை மறக்காத கடைக்காரர் நீண்ட தவணைக்கு விலையைப் பிடித்து வைக்க மாட்டார், ஆகவே சாமானைத் தனியே உங்கள் பேரில் வாங்கிக் கூலியை மட்டும் சதுர அடிக்குப் பேசுவது இப்போது இலாபம். எண்ணிக்கை உங்கள் கொப்பியில் இருக்கிறது, ஆகவே மிச்சச் சாமான் வேறு வீட்டுக்குப் போகாது.

அந்த 66இல் உடையாமல் மிஞ்சும் சீற்றை வேலையாட்களிடம் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த வருடம் அதே பூவேலை, அதே வெள்ளை கிடைக்காது. பெட்டியோடு, படுக்கையாக, ஈரம் படாத இடத்தில், சீலிங்குக்கு மேலே அல்லாமல் அலுமாரிக்கு மேலே வையுங்கள்.